மூளை நுண்குழாயில் எந்த செல் எது? ஆட்டு மூளையிலிருந்து ஆன்டிபாடி ஸ்டெயினிங் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மூளையின் மிகச் சிறிய ரத்தக் குழாய்கள் 5 முதல் 10 மைக்ரான் அகலம்தான் இருக்கும். சிவப்பணு ஒன்று உடலை ஒடுக்கிக்கொண்டு நுழைகிற அளவு. அந்த மெல்லிய சுவருக்குள் உள்ளே உட்படலமான எண்டோதீலியல் செல், அதைச் சுற்றி அடிச்சவ்வு, அடிச்சவ்வுக்குள் புதைந்து குழாயைத் தழுவி நிற்கும் பெரிசைட் என்ற செல், வெளியே மூளையின் துணைச் செல்லான ஆஸ்ட்ரோசைட்டின் பாத நுனிகள் என்று இத்தனையும் அடங்கியிருக்கின்றன. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே பல இடங்களில் ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டும் தூரம்கூட இல்லை. அதனால்தான் ஆன்டிபாடியால் செல்லை ஒளிரவைத்து அடையாளம் காணும் இந்த வேலையில் படம் அழகாக வருவதும் முடிவு தப்பாகப் போவதும் ஒரே நாளில் நடக்கின்றன.

நான் மாணவர்களிடம் வலியுறுத்துவது ஒன்றுதான். ஒரு மார்க்கர் (செல்வகையைக் காட்டிக்கொடுக்கும் புரதம்) ஒளிர்ந்த உடனே செல்லுக்குப் பெயர் வைத்துவிடக் கூடாது. மார்க்கர், செல்லின் வடிவம், அது உட்கார்ந்திருக்கும் இடம், அதில் இருக்கவே கூடாத மார்க்கர் இல்லாமை என நான்கும் ஒத்துவந்தால்தான் பெயர். பெரிசைட்டை 1873-இல் ரூஜே விவரித்தபோதும், 1923-இல் ஸிம்மர்மன் அதற்குப் பெயர் சூட்டியபோதும் ஃப்ளோரசன்ஸ் ஆன்டிபாடி என்ற ஒன்றே கிடையாது. ஆல்பர்ட் கூன்ஸ் குழு அந்த முறையை வெளியிட்டது 1941-இல். முன்னவர்கள் வடிவத்தையும் இடத்தையும் வைத்தே கண்டுபிடித்தார்கள். நம் கையில் ஆன்டிபாடி இருப்பதால் அந்தக் கண் நமக்கு வேண்டாம் என்று ஆகிவிடாது.

எந்த மூளையில் பழகுவது

புதுச்சேரியின் காலாப்பட்டிலோ கோரிமேட்டிலோ சிதம்பரத்திலோ முதுநிலைப் படிப்பில் இருப்பவர்கள் நேரே எலியில் கை வைக்க வேண்டாம். ஆய்வக விலங்குக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் அனுமதி வாங்க வேண்டும். வாங்கிய ஒவ்வொரு உயிருக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். குழாய் பிரிக்கும் கைப்பழக்கத்தை இறைச்சிக்காக வெட்டிய ஆட்டின் மூளையிலேயே கற்றுக்கொள்ளலாம். ஒரு மூளை ஏறக்குறைய 100 கிராம் இருக்கும், நமக்கு 5 கிராம் சாம்பல்நிறப் பகுதி போதும். ஆய்வகத்துக்குள் கொண்டுவரும் முன் நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

கறிக்கடையில் முதல்நாளே பேசி வையுங்கள். நம் ஊரில் ஆட்டுத் தலையை முடி போகத் தீயில் வாட்டித்தான் தருவார்கள். வாட்டிய தலையில் மூளையின் மேற்புறம் சூடேறியிருக்கும், நமக்கு வேண்டிய கார்டெக்ஸ் அங்கேதான் இருக்கிறது. “பாய், தலையை வாட்டாம அப்படியே பொளந்து மூளைய மட்டும் எடுத்துக் குடுங்க, தண்ணியில கழுவ வேணாம்” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் செல்கள் உப்பி வெடிக்கும். குளிர்ந்த பிபிஎஸ் (பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசல்) ஊற்றிய டப்பாவில் மூளையைப் போட்டு, டப்பாவை ஐஸ் பெட்டியில் வைத்து, வெட்டிய நேரத்தை டப்பாமேல் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கிவிட்டால் நல்லது.

இன்னொன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வெள்ளாடா, செம்மறியா? இதற்குக் காரணம் ஆன்டிபாடிப் பகுதியில் வரும்.

குழாய்களைப் பிரித்தெடுப்பது

மூளையின் மேல் ஒட்டியிருக்கும் சவ்வில் பெரிய குழாய்கள் நிறைய. அது உள்ளே வந்தால் நுண்குழாய் மாதிரியில் தமனித் தசைச் செல்கள் கலந்துவிடும். கார்டெக்ஸ் துண்டுகளைப் பிபிஎஸ்ஸில் நனைத்த ஃபில்டர் தாளில் மெதுவாக உருட்டுங்கள். சவ்வு தாளில் ஒட்டிக்கொண்டு கழன்றுவரும். தாளை மாற்றி மாற்றி, சிவப்பு நூல்கள் தாளில் வருவது நிற்கும்வரை உருட்ட வேண்டும். பிறகு வெள்ளைப் பகுதியைப் பிளேடால் ஒதுக்கிவிடுங்கள். நுண்குழாய்கள் சாம்பல்நிறப் பகுதியில்தான் நெருக்கமாக இருக்கின்றன. வெள்ளைப் பகுதி மைலினை (நரம்பிழையின் கொழுப்பு உறை) மட்டும் கூட்டும்.

மிச்சத்தைப் பொடியாக நறுக்கி, அதைப்போல் ஐந்து மடங்கு அளவு குளிர்ந்த பஃபரில் போட்டு, டவுன்ஸ் ஹோமோஜெனைசரில் (உலக்கையோடு வரும் கண்ணாடிக் குழல்) தளர்வான உலக்கையால் 10 முதல் 20 தடவை இடியுங்கள். மேலிழுக்கும்போது உலக்கை திரவத்தைவிட்டு வெளியே வரக் கூடாது. காற்று புகுந்து நுரைத்தால் குழாய்கள் துண்டாகிவிடும். இறுக்கமான உலக்கையை எடுத்தாலும் அதே கதிதான்.

சென்ட்ரிஃபியூஜில் 2000 ஜி விசையில் (புவியீர்ப்பின் 2000 மடங்கு) 10 நிமிடம் சுழற்றி மேல்நீரைக் கொட்டிவிடுங்கள். அடியில் தங்கியதை 18 சதவீத டெக்ஸ்ட்ரானில் நன்றாகக் கலக்குங்கள். 70,000 டால்டன் எடையுள்ள டெக்ஸ்ட்ரான் வேண்டும். இப்போது 4 டிகிரியில் 4400 ஜி, 15 நிமிடம். உங்கள் சென்ட்ரிஃபியூஜ் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும் காட்டினால் ரோட்டரின் ஆரத்தை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள்: ஆரம் 10 செ.மீ. என்றால் 4400 ஜி என்பது ஏறக்குறைய 6300 ஆர்பிஎம்.

சென்ட்ரிஃபியூஜ் குழாயை வெளியே எடுத்துப் பாருங்கள். தயிர் மேல் கட்டிய ஆடை போல மைலின் திரண்டு மிதக்கும். அடியில் சிவந்த சிறு பெல்லட் இருக்கும்; அதுதான் நமக்கு வேண்டியது. மைலினைச் சுற்றிலும் பிப்பெட் முனையால் விடுவித்து ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு, கவிழ்த்த நிலையிலேயே உட்சுவரை டிஷ்யூ தாளால் துடையுங்கள். இந்தத் துடைப்பைச் சோம்பலால் விட்டுவிட்டால் சுவரில் ஒட்டிய மைலின் திரும்பவும் பெல்லட்டில் இறங்கும், ஸ்லைடு முழுக்க மங்கலான பின்னணி வரும்.

பெல்லட்டை 1 சதவீதப் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்தின் அல்புமின் புரதம்) சேர்த்த பஃபரில் கலக்குங்கள். பிஎஸ்ஏ இல்லையென்றால் குழாய்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் காணாமல் போகும். பிப்பெட் முனையையும் அதே கரைசலில் ஒருமுறை நனைத்துக்கொள்ளுங்கள். முதலில் 100 மைக்ரான் வலை: பெரிய குழாய்கள் மேலே தங்கும், அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், பின்னால் பயன்படும். கீழே இறங்கியதை 40 மைக்ரான் வலையில் ஊற்றுங்கள். தனிச் செல்களும் சிவப்பணுக்களும் இறங்கிவிடும், நுண்குழாய்கள் வலையில் நிற்கும். வலையைக் கவிழ்த்துப் பின்புறமிருந்து பஃபரை ஊற்றிச் சேகரியுங்கள்.

ஒரு சொட்டை உடனே சாதாரண மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கிளைவிட்ட, ஒழுங்கான அகலமுள்ள குழாய்கள் பார்வைப் புலத்தில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அங்கங்கே தனி நியூக்ளியஸ்கள் சிதறிக் கிடந்தால் இன்னொரு முறை வலையில் அலசுங்கள். இங்கே திருப்தி இல்லாமல் ஆன்டிபாடி பாட்டிலைத் திறக்காதீர்கள், அதன் விலை உங்களுக்கே தெரியும்.

ஆன்டிபாடித் தேர்வு

இந்த வேலையின் பாதி இங்கேதான் இருக்கிறது. முதலில் மார்க்கர்களைப் பார்ப்போம், ஒவ்வொன்றும் எங்கே ஏமாற்றும் என்பதோடு சேர்த்து.

எண்டோதீலியத்துக்கு எல்லோரும் எடுப்பது சிடி31. நல்ல மார்க்கர், ஆனால் பிளேட்லெட்டிலும் வெள்ளணுக்களிலும் அது உண்டு. குழாயின் உள்ளே தனியாக ஒரு புள்ளி ஒளிர்ந்தால் அது சுவர்ச் செல் அல்ல. கிளாடின்-5 செல்களுக்கிடையே உள்ள இறுக்கமான இணைப்புகளில் மெல்லிய கோடாகத் தெரியும். எண்டோதீலியல் செல் இது என்று சொல்ல மூளை நுண்குழாயில் நான் முதலில் நம்புவது அந்தக் கோட்டைத்தான். க்ளூட்-1 பளிச்சென்று வரும், ஆனால் மனிதச் சிவப்பணுக்களிலும் அது ஏராளம் என்பதால் மனித மாதிரிகளில் கவனம் தேவை. எண்டோதீலியல் நியூக்ளியஸை மட்டும் எண்ண வேண்டுமானால் ஈஆர்ஜி எடுத்துக்கொள்ளுங்கள், எண்ணிக்கை தெளிவாக வரும்.

பெரிசைட்டுக்கு என்றே பிரத்தியேகமாக ஒரு மார்க்கர் இல்லை. பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா (சுருக்கமாகப் பீட்டா) பெரிசைட்டில் வரும். தமனித் தசைச் செல்லிலும், பெரிய குழாயைச் சுற்றியுள்ள ஃபைப்ரோபிளாஸ்டிலும் (இணைப்புத் திசுச் செல்) வரும். என்ஜி2 பெரிசைட்டில் வரும்; ஆலிகோடென்ட்ரோசைட்டின் (மைலின் உண்டாக்கும் செல்) முன்னோடிச் செல்களிலும் வரும். சிடி13 சற்றுத் தெளிவானது, ஆனால் அதுவும் தசைச் செல்லை விட்டுவைக்காது. அதனால் பெரிசைட் மார்க்கரோடு ஆல்ஃபா தசை ஆக்டினையும் சேர்த்தே போடுங்கள். நுண்குழாயின் நடுப்பகுதியிலுள்ள பெரிசைட்டில் அது மிகக் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். தமனியை ஒட்டி முதல் கிளைகளில் உள்ள பெரிசைட்டில் மட்டும் அது வரும். பீட்டா ஒளிர்ந்து, ஆக்டின் குறுக்குப் பட்டைகளாக ஒளிர்ந்தால் நீங்கள் தமனிப் பக்கம் நிற்கிறீர்கள்.

ஆஸ்ட்ரோசைட் பாத நுனிக்கு அக்வாபோரின்-4. குழாயைப் பிரிக்கும்போது ஆஸ்ட்ரோசைட்டின் உடல் பிய்ந்துபோய், பாத நுனியின் துண்டுகள் மட்டும் குழாயில் ஒட்டியிருக்கும். ஆகவே பிரித்த குழாயில் அக்வாபோரின் ஒளிர்வதை வைத்து “ஆஸ்ட்ரோசைட்டுகள் இருக்கின்றன” என்று எழுதக் கூடாது, பாத நுனிகள் இருக்கின்றன என்றே எழுத வேண்டும். ஆர்என்ஏவும் புரதமும் அளக்கப்போகிறவர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி.

அடிச்சவ்வுக்குக் கொலாஜன்-4. இதில் ஒரு விசேஷம் உண்டு. எண்டோதீலியல் செல்கள் செத்து மறைந்த பின்னும் அடிச்சவ்வு வெறும் நூலாக நிற்கும். கொலாஜன் ஒளிர்கிறது, கிளாடினும் சிடி31-உம் இல்லை என்றால் அது உயிருள்ள குழாய் அல்ல. கொலாஜனை மட்டும் போட்டுக் குழாயின் நீளத்தை அளந்தால் அந்தச் செத்த நூல்களும் கணக்கில் ஏறிவிடும்.

இனி அந்த வெள்ளாடு–செம்மறிக் கேள்வி. வேறெந்தத் திசுவையும்விட ரத்தக் குழாயில் இது முக்கியம். குழாய்க்குள் இருப்பது ரத்தம். ரத்தத்தில் அந்த விலங்கின் சொந்த ஆன்டிபாடி நிறைந்திருக்கிறது. கறிக்கடை மூளையில் ரத்தம் கழுவப்படவில்லை. ஆட்டில் உண்டாக்கிய பிரைமரியும் (மார்க்கரைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடி) அதைப் பிடிக்கும் ஆன்டி-கோட் செகண்டரியும் (ஆட்டு ஆன்டிபாடியைப் பிடிக்கும், சாயம் இணைத்த இரண்டாவது ஆன்டிபாடி) போட்டீர்களானால், செகண்டரி நேரே ஆட்டின் சொந்த ஆன்டிபாடியில் போய் ஒட்டும். குழாய் முழுக்க அழகாக ஒளிரும், அத்தனையும் பொய். செம்மறியானாலும் தப்பில்லை என்று நினைக்காதீர்கள். இரண்டின் ஆன்டிபாடிகளும் அவ்வளவு நெருக்கமானவை, ஆன்டி-கோட் செகண்டரி செம்மறியையும் பிடிக்கும், மாட்டையும் ஓரளவு பிடிக்கும். மாட்டிலிருந்து வரும் பிஎஸ்ஏயில் ஒட்டியிருக்கும் ஆன்டிபாடிகூட இதில் தொல்லை தரும்.

ஆகவே ஆட்டு மூளைக்கு முயலிலும் சுண்டெலியிலும் (மவுஸ்) உண்டாக்கிய பிரைமரிகளையே எடுங்கள். செகண்டரி ஆட்டில் உண்டாக்கியதாக இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டுச் செகண்டரி தன் இனத்து ஆன்டிபாடியைப் பிடிக்காது. வாங்கும் முன் தகவல் தாளில் எந்த விலங்கில் வேலை செய்யும் என்று பாருங்கள். ஆல்ஃபா தசை ஆக்டின் விலங்குக்கு விலங்கு மிகக் குறைவாகவே மாறுவதால் அது பெரும்பாலும் ஒத்துப்போகும். சுண்டெலியின் சிடி31-க்கு எதிராக எலியில் (ராட்) உண்டாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடியை ஆட்டில் நம்பக் கூடாது.

என் முதல் பரிந்துரை இந்த ஜோடி: சுண்டெலி கிளாடின்-5, முயல் பிடிஜிஎஃப்ஆர்-பீட்டா. அடுத்த ஸ்லைடில் சுண்டெலி ஆக்டின், முயல் கொலாஜன்-4. மூன்றாவதில் முயல் அக்வாபோரின்-4. ஒரே ஸ்லைடில் நான்கு நிறம் போட ஆசை வரும், முதல் மாதம் அந்த ஆசையை அடக்குங்கள்.

ஸ்டெயினிங்

பாலிலைசின் பூசிய ஸ்லைடில் ஹைட்ரோஃபோபிக் பேனாவால் வட்டம் போட்டு, குழாய்க் கரைசலை விட்டு, ஈரப் பெட்டியில் அரை மணி நேரம் படியவிடுங்கள். சைட்டோஸ்பின் (சுழற்றி ஸ்லைடில் படியவைக்கும் கருவி) இருந்தால் இன்னும் உறுதியாக ஒட்டும்.

4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் 10 முதல் 15 நிமிடம், ஃப்யூம் ஹூடுக்குள். அதற்குமேல் விட்டால் இறுக்கமான இணைப்புகளின் எபிடோப் (ஆன்டிபாடி பிடிக்கும் இடம்) மறைந்துகொள்ளும். கிளாடின் கோடு வரவில்லையென்றால் ஆன்டிபாடியைக் குறை சொல்லும் முன், மைனஸ் 20 டிகிரி மெத்தனாலில் 10 நிமிடம் ஃபிக்ஸ் செய்த ஸ்லைடு ஒன்றையும் பாருங்கள். பல நேரம் அங்கே கோடு வந்துவிடும். மெத்தனால் போட்டதில் ஃபலாய்டின் (ஆக்டின் இழைகளில் ஒட்டும் பொருள்) வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிபிஎஸ்ஸில் மூன்று முறை, 5 நிமிடம் வீதம் கழுவி, 0.1 முதல் 0.3 சதவீத ட்ரைட்டானில் (ஆன்டிபாடி உள்ளே போகச் செல்சவ்வைத் திறக்கும் சோப்பு) 10 நிமிடம். மெத்தனால் ஸ்லைடுக்கு இது வேண்டியதில்லை. பிறகு செகண்டரி எந்த விலங்கில் உண்டானதோ அந்த விலங்கின் சீரம் 5 சதவீதம் போட்டு ஒரு மணி நேரம் பிளாக் (வேண்டாத ஒட்டுதலைத் தடுப்பது). பிரைமரியை இரவு முழுக்க 4 டிகிரியில் விடுங்கள். அளவை 1:100, 1:200, 1:500, 1:1000 என்று நான்கு ஸ்லைடில் பார்த்து, எது பிரகாசமோ அதை அல்ல, எதில் பின்னணிக்கும் சிக்னலுக்கும் வித்தியாசம் அதிகமோ அதை எடுங்கள். காலையில் கழுவி, செகண்டரி ஒரு மணி நேரம் இருட்டில், கழுவி, டாபி (நியூக்ளியஸைக் காட்டும் சாயம்) 5 நிமிடம், மறுபடி கழுவி மவுண்ட் செய்யலாம்.

நம் கடற்கரை வெயிலும் ஈரமும்

புரோட்டோகாலில் அறை வெப்பநிலை என்று எழுதியிருப்பது 20 முதல் 25 டிகிரியை மனதில் வைத்து. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத நம் அறை அதைவிடப் பத்து டிகிரிக்கு மேல் கூடவே இருக்கும். செகண்டரி அதிகமாக ஒட்டும், சொட்டின் ஓரம் காய்ந்து அங்கே பொய்யான ஒளி வரும். அந்த ஓரப் பகுதியிலிருந்து படம் எடுக்கவே கூடாது. ஏசி அறையில், மூடிய ஈரப் பெட்டியில் செய்யுங்கள்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஸ்லைடுப் பெட்டியை உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் முழுக்க ஸ்லைடில் முத்துக்கட்டும். பெட்டி அறை வெப்பத்துக்கு வரும்வரை மூடியே வையுங்கள். கெட்டியாகும் வகை மவுண்டன்ட் ஈரமான மாதங்களில் இறுக நேரமெடுக்கும், ஒருநாள் கூடுதலாக விட்டுவிட்டு ஆயில் லென்ஸில் வையுங்கள்.

மின்சாரம் போவது இங்கே வெறும் எரிச்சல் விஷயம் அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே ஆன்டிபாடிகளை 10 முதல் 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து வைத்து, ஜெனரேட்டர் இணைப்புள்ள ஃப்ரீசர் எது என்று கேட்டு, பட்டியலை அதன் கதவில் ஒட்டிவிடுங்கள். தானாக உறைபனி நீக்கும் ஃப்ரீசர் ஆன்டிபாடிக்கு ஆகாது, உள்ளே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஃப்ளோரசன்ட் சாயம் இணைத்த ஆன்டிபாடிகளை 4 டிகிரியில் வைக்கச் சொன்னால் அங்கேயேதான் வைக்க வேண்டும்.

கன்ட்ரோல் ஸ்லைடுகள்

எதுவும் போடாத ஸ்லைடு ஒன்று: சிவப்பணுக்கள் பச்சை, ஆரஞ்சு சானல்களில் தாமாகவே ஒளிரும், கழுவாத ஆட்டு மூளையில் அவை குழாய்க்குள் வரிசையாக நிற்கும். அவற்றின் தோற்றத்தை இங்கேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். வயதான மூளையானால் லிபோஃபசினும் (வயதோடு செல்லில் சேரும், தானாக ஒளிரும் நிறமி) சேரும். 70 சதவீத எத்தனாலில் 0.1 சதவீத சூடான் பிளாக் அதை அடக்கும். மங்கலாக வரும் மார்க்கருக்கு தொலைச்சிவப்பில் ஒளிரும் 647 சாயத்தை ஒதுக்குங்கள், அந்தச் சானலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

செகண்டரி மட்டும் போட்டது ஒன்று. ஒவ்வொரு பிரைமரியும் தனியாக இரண்டு செகண்டரிகளோடும் போட்டது ஒன்று. இதில்தான் குறுக்கே பிடிப்பது வெளிப்படும். நீங்கள் ஒதுக்கி வைத்த பெரிய குழாய்கள் ஆக்டினுக்கு நல்ல பாசிட்டிவ் கன்ட்ரோல். இந்த ஸ்லைடுகள் இல்லாத படத்தை யார் காட்டினாலும் நான் முடிவு சொல்வதில்லை.

மைக்ரோஸ்கோப்பில் படிப்பது

செகண்டரி மட்டும் போட்ட ஸ்லைடில் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவு) அமைத்துவிட்டு, அன்றைய தினம் முழுக்க அதைத் தொடாதீர்கள். சானல்களை ஒன்றன்பின் ஒன்றாக ஸ்கேன் செய்யுங்கள். 63 எக்ஸ் ஆயில் லென்ஸில் 0.3 முதல் 0.5 மைக்ரான் இடைவெளியில் அடுக்குப் படங்கள் எடுக்க வேண்டும். எல்லா அடுக்கையும் ஒன்றாக அமுக்கிய படத்தில் மேலே கிடக்கும் செல்லும் கீழே கிடக்கும் செல்லும் ஒன்றாகத் தெரியும். மஞ்சள் நிறத்தைக் கண்டு “இரண்டு மார்க்கரும் ஒரே செல்லில்” என்று எழுதும் முன் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் திறந்து பாருங்கள்.

ஒரு குழாயை இப்படி நிதானமாகப் படியுங்கள். டாபியை மட்டும் முதலில். குழாயின் நீளவாக்கில் நீண்டு, சுவரோடு தட்டையாகக் கிடக்கும் நியூக்ளியஸ் எண்டோதீலியல் செல்லுடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். சுவரிலிருந்து வெளிப்புறமாகப் புடைத்து, உருண்டையாக நிற்பது பெரிசைட்டாக இருக்கலாம். குழாய்க்குக் குறுக்கே படுத்திருப்பது தசைச் செல். அனுமானத்தை நோட்டில் எழுதிய பிறகு கிளாடின் சானலைத் திறந்து பாருங்கள், பிறகு பீட்டா. புடைத்த நியூக்ளியஸைச் சுற்றி பீட்டா ஒளிர்ந்து, அதிலிருந்து மெல்லிய கிளைகள் குழாயோடு நீளமாக ஓடி, அந்த ஒளி கிளாடின் கோட்டுக்கு வெளிப்பக்கம் இருந்தால் அது பெரிசைட். அடுத்த ஸ்லைடில் அதே வடிவச் செல்லின் மேல் கொலாஜன் உறை தெரிந்து, ஆக்டின் இல்லாமலிருந்தால் நடுநுண்குழாய்ப் பெரிசைட் என்று துணிந்து எழுதலாம்.

பெரிசைட்டை எண்ணும்போது நியூக்ளியஸ் உள்ள செல் உடலை மட்டும் எண்ணி, ஒரு மில்லிமீட்டர் குழாய் நீளத்துக்கு இத்தனை என்று சொல்லுங்கள். ஃபிஜி மென்பொருளில் நீளத்தை அளந்துவிடலாம். ஸ்லைடின் பெயரை வேறொருவர் மறைத்துத் தர வேண்டும். ஒரு மூளையிலிருந்து 200 குழாய்கள் அளந்தாலும் மாதிரி எண்ணிக்கை ஒன்றுதான். குழாயின் அகலத்தைக் கறிக்கடை மூளையில் அளந்து உடலியல் முடிவு எதுவும் சொல்லாதீர்கள். ரத்த ஓட்டம் நின்றால் பெரிசைட்டுகள் சுருங்கி, சுருங்கிய நிலையிலேயே இறந்துவிடும் என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எலிக்கு மாறும்போது

அனுமதி கிடைத்து எலியில் தொடங்கும்போது இதயம் வழியாகப் பிபிஎஸ் செலுத்தி ரத்தத்தைக் கழுவுங்கள். சிவப்பணு ஒளியும், குழாய்க்குள் இருக்கும் சொந்த ஆன்டிபாடியும் பெருமளவு போய்விடும். ஆட்டுப் பிரைமரிகள் இப்போது தாராளமாக வேலை செய்யும். சுண்டெலிக்கு ஆட்டு சிடி13 நல்ல தேர்வு. தொல்லை இப்போது சுண்டெலிப் பிரைமரிக்கு மாறும். சுண்டெலி மூளையில் ஆன்டி-மவுஸ் செகண்டரி போட்டால் ஆட்டில் பார்த்த அதே பொய்யொளி வரும். எலி மூளையிலும் அது வரும், எலியின் ஆன்டிபாடியை விலக்கிச் சுத்திகரித்த செகண்டரியாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்டினுக்குச் சாயம் நேரடியாக இணைத்த ஆன்டிபாடி வாங்கினால் செகண்டரியே தேவையில்லை. புதிய விலங்குக்கு அளவுப் பரிசோதனையை 1:100-இலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், ஆட்டில் கிடைத்த அளவை அப்படியே எடுத்துச் செல்ல முடியாது.